வரவேண்டியது

ஆரம்பாக்கத்தில் நான் வங்கியின் கை.
வங்கி இல்லை, அதன் கை மட்டும்:
ஒரு மேசை, ஒரு மடிக்கணினி,
விரல் வைத்தால் சிவக்கும் சின்ன இயந்திரம்.

முகாமுக்குப் போய்ச் சேமிப்பைப் பற்றிப்
பேசிவிட்டு வா என்றார்கள்.
சுருட்டிய அட்டை ஒன்றும் தந்தார்கள்.
அதில் ஒரு நீலச்சட்டைக் குடும்பம்
மண் உண்டியலைப் பார்த்துச் சிரிக்கிறது.

அன்று செக்கிங் நாள்.
பெயிண்ட் அடிக்கப் போன ஆண்களும் திரும்பி வந்து
பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள்.
வரிசை முழுக்கத் தின்னர் வாசனை.

வரவு, செலவு, மிச்சம் என்று
மூன்று கோடு போட்டேன்.
பின்னாலிருந்து கலைவதனி சொன்னாள்:
"நாலாவதா ஒண்டு வேணும், மிஸ்."

கிழித்த நாட்காட்டித் தாள்களை
நூல் கோத்து வைத்திருந்தாள்.
தாளின் முதுகில் பென்சில்.
எந்தச் சுவர், எத்தனை சதுர அடி,
பிரைமர் ஒரு கோட்டா ரெண்டு கோட்டா,
ஏணி பிடித்தது யார்.
தடாவுக்கு அப்பால் ஒரு குடோனில்
அவள் புருஷன் தயாபரன் அடித்த பதினொரு நாள்
கட்டம் கட்டி நின்றது.

"வரவெண்டு போடலாமெண்டால் காசு வரேல்ல.
செலவெண்டால், அவற்றை முதுகு செலவாப் போச்சு.
எதில போடுறது?"

அட்டையை மறுபடி சுருட்டினேன்.
நீலச்சட்டைக் குடும்பம் உள்ளே போனது.

முதலில் அவளுக்கொரு வேலை பார்ப்போம் என்று
ஷூ தைக்கும் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன்.
ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காவலாளி
"ஓட்டர் கார்டு உந்தா?" என்றான்.
"லேது," என்றாள், நான் வாய் திறக்கும் முன்.
தெலுங்கில் அவள் கற்ற முதல் சொல்லாம் அது.
மூன்று கேட்டில் மூன்று லேது.

நான்காவது, இறால் உரிக்கும் ஷெட்.
நாகரத்னம்மா கார்டு கேட்கவில்லை.
ஒரு கூடையை நகர்த்தி வைத்துவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தாள்.
கிலோ கணக்கில் கூலி. ஐஸ் தண்ணீர்.
இப்போது என் இயந்திரம்
கலைவதனியின் விரலை அடையாளம் காண்பதில்லை.
துடைத்துத் துடைத்து
ஐந்தாவது முறை வைக்கிறோம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ரமணய்யா மேஸ்திரியைத் தேடிப் போனோம்.
எடைமேடைப் பக்கத்து டீக்கடையில் இருந்தார்.
"ஏ லெக்கா?" என்றார்.
அவள் தாள்களை பெஞ்சில் பரப்பினாள்,
காற்றில் பறக்காமலிருக்க டீ கிளாஸை மேலே வைத்து.

ரெண்டு நாள் மழை, வேலையில்லை என்றார்.
அவள் தாளைத் திருப்பினாள்.
"அந்த ரெண்டு நாளும் உள்சுவர் அடிச்சவர்.
உள்ளுக்க மழை பெய்யுமோ?"

மொழிபெயர்த்தேன்.
அந்த "மோ"வை மட்டும்
தெலுங்குக்குக் கொண்டுபோக முடியவில்லை.
என்றாலும் டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.
மேஸ்திரி ஒன்பது நாள் கூலியை எண்ணி வைத்தார்.
பத்தாவது நாளுக்குப் பைக்கை உதைத்தார்.

திரும்பும் பேருந்தில் காசு பிரிந்தது.
மளிகைக் கடைக்கு ஒரு மடிப்பு.
அடகுச் சங்கிலிக்கு வட்டி, அசல் பிறகு.
பிள்ளைக்குக் கணக்கு டியூஷன்.
என் டிக்கெட் காசை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டாள். பேச இடமில்லை.

பிறகு பென்சிலை எடுத்து எழுதினாள்:
வரவேண்டியது, ரெண்டு நாள்.

"அடிச்சு விடுங்க, அக்கா.
அவர் தரப்போவதில்லை," என்றேன்.

"தரமாட்டார், தெரியும்," என்றாள்.
"எழுதாட்டில்
அவர் வேலையே செய்யேல்லயெண்டு ஆயிடும்."

சோதனைச்சாவடியில் பேருந்து நின்றது.
ஜன்னலுக்கு வெளியே பலகைகளில்
வட்ட எழுத்துகள் முடிந்து
நம் எழுத்துகள் தொடங்கின.
யாரோ ஏறி, யாருடைய பையையோ தட்டிப் பார்த்து,
இறங்கிப் போனார்கள்.

அவள் நிமிரவில்லை.
குலுக்கலில் கோணிப்போன "ரெண்டு"வை அழித்து
வண்டி நிற்கும்போதே
திருத்தமாக எழுதிக்கொண்டிருந்தாள்.